ஒரு குண்டுமணி கூடக் குறையவில்லை

போன மாதம் ஒரு சர்வீஸ் சான்றிதழ் வாங்குவதற்காக நான் வேலை பார்த்த மருத்துவமனைக்குப் போயிருந்தேன். என் இடத்தில் இப்போது இருக்கும் கௌசல்யாவின் கையில் ஒரு டேப்லெட் கணினி இருந்தது. மூச்சு இழுத்துக்கொண்டு வரும் குழந்தையின் வீட்டைப் பற்றி இனிமேல் அதில்தான் கேட்டுப் பதிய வேண்டுமாம். வீட்டில் புகை உண்டா? ஆம், இல்லை. பூனை, நாய், புறா? ஆம், இல்லை. சுவரில் ஈரம், பூஞ்சை? ஆம், இல்லை. தடுப்பு மருந்து தினமும் எடுக்கிறதா? ஆம், இல்லை. விரலால் தொட்டால் பச்சை டிக் விழுகிறது. ஒரு குழந்தைக்கு ஏன் அடிக்கடி வருகிறது என்பது இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும் என்றாள்.

"எல்லாரும் நிஜம் சொல்லுவாங்கன்னு உனக்கு யாருடி சொன்னது?" என்றேன்.

"ஆரம்பிச்சிட்டாங்கப்பா நம்ம சிஐடி சிஸ்டர்!" என்று சிரித்தாள். "இப்படிப் பேசிக்கினே இருக்கறதுக்கு எழுதிக் குடுங்களேன். புதுசா வர்ற பொண்ணுங்களுக்குக் காட்டறேன்."

எழுதிவிட்டேன். காட்டுவாளா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

என் பெயர் விக்டோரியா. வீடு சாந்தோம். நர்சிங் படித்தது, விடுதிச் சாப்பாடு, தேர்வு பயம் எல்லாம் எல்லோருக்கும் ஒன்றுதான், அதை விடுங்கள். படித்து முடித்த வருடமே மயிலாப்பூரில் இருந்த அந்தக் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்ந்தேன், அங்கேயே ஓய்வு பெற்றேன். அதில் பெரும்பகுதி, மருந்தை ஆவியாக்கி மூச்சில் கொடுக்கும் நெபுலைசர் அறையில். நான்கு நாற்காலி, நான்கு மெஷின், சுவரில் ஒரு யானைப் படம். குழந்தை முகத்தில் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே எனக்கு யாரையும் நம்பாத புத்தி வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மீன் வாங்கி வந்தால்கூட செவுளைத் தூக்கிப் பார்க்காமல் உள்ளே விடமாட்டேன்.

எனக்கு அந்தப் புத்தியை வளர்த்துவிட்டவர் டாக்டர் வரதன். மயிலாப்பூர்க்காரர், பரம்பரையாக மாட வீதிப் பக்கம். கோபமே வராது, குரல் ஏறாது, அதுவே எங்களுக்குப் பயம். அவருடைய அறைக்குள் குழந்தை நுழையும்போதே பரிசோதனை ஆரம்பித்துவிடும். ஸ்டெதஸ்கோப்பைத் தொடமாட்டார். சட்டையைக் கழற்றச் சொல்லி விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே இழுக்கிறதா, மூக்கு விரிகிறதா, கழுத்துக் குழி அமுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு, "ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் ஒரே மூச்சில சொல்லு பார்ப்போம்" என்பார். நாலில் நின்றால் அவர் கண் என் பக்கம் திரும்பும். நான் மாஸ்க்கை எடுத்துவிடுவேன்.

அவர் 'புகை' என்ற வார்த்தையைச் சொல்லவே மாட்டார். அது ஏன் என்று ஆரம்பத்தில் எனக்குப் புரியவில்லை. ஒரு ஆட்டோக்காரர், பையனை மூன்றாவது தடவையாகத் தூக்கிக்கொண்டு வந்தவர், நான் கேட்டதற்கு நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "இன்னா சிஸ்டர் இப்டி கேக்கற? என் வூட்ல பொகையே கெடையாது. மாதா சத்தியமா!"

"பாக்கெட்ல இன்னா கீது?" என்றேன்.

"அது வண்டில குடிக்கறது. வூட்ல கெடையாதுன்னுதானே சொன்னேன்!"

மனிதர் பொய் சொல்லவில்லை. அந்தச் சட்டையோடுதான் வீட்டுக்குப் போய்ப் பையனைத் தோளில் போட்டுக்கொள்கிறார், அவ்வளவுதான். இன்னொரு வீட்டில் புகை கிடையாது, மாதாமாதம் ஹோமம் மட்டும்தான். வேறொரு வீட்டில் புகை கிடையாது, கட்டிலுக்குக் கீழே கொசுவத்தி மட்டும்தான். ஹோமம் ஹோமம், கொசுவத்தி கொசுவத்தி. சிகரெட் ஒன்றுதான் புகை. அதனால் டாக்டர் வேறு மாதிரி கேட்பார். "வெள்ளிக்கிழமை ஆத்துல என்னென்ன பண்ணுவேள்? காலம்பற எழுந்ததுலேருந்து சொல்லுங்கோ." அவர்கள் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருவார்கள், எங்கேயோ ஒரு இடத்தில் சாம்பிராணி தானாக வந்து விழும்.

"வார்த்தையை நம்பாதீங்கோ சிஸ்டர். அவா சொல்ற வார்த்தைக்கு அவா அகராதியிலதான் அர்த்தம் இருக்கும்" என்பார். அடேங்கப்பா, எத்தனை தடவை தலையாட்டியிருப்பேன்! எல்லாம் புரிந்த மாதிரி.

அவரிடம் ஒரு தராசும் இருந்தது. தி.நகரில் வாங்கிய சின்ன எலக்ட்ரானிக் தராசு, நகைக்கடையில் வைத்திருப்பது போல. ஆஸ்துமா குழந்தைக்கு இரண்டு இன்ஹேலர் பம்ப் கொடுப்போம். நீலம், மூச்சு இழுக்கும்போது உடனே திறந்துவிட. பழுப்பு, ஒன்றும் இல்லாத நாளிலும் காலையும் மாலையும் எடுத்துக்கொள்ள. மூச்சுக்குழாயின் உள் வீக்கத்தை அடக்கி, அடுத்தது வராமல் தடுப்பது அதுதான். அன்றைக்கு எங்கள் பார்மசியில் கிடைத்த பம்பில் இத்தனை தடவை அழுத்தியாயிற்று என்று காட்டும் எண் கிடையாது. அதனால் கொடுக்கும்போதே எடை போட்டு, ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டி, அதில் பேனாவால் எடையை எழுதிவிடுவேன். பெற்றோர் அதை ஏதோ மருந்து நம்பர் என்று நினைத்துக்கொள்வார்கள். நாங்களும் சொல்லமாட்டோம். அடுத்த தடவை வரும்போது பேச்சோடு பேச்சாக வாங்கித் தராசில் வைத்தால், போட்டார்களா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும். நீலம் சீக்கிரம் காலியாகி பழுப்பு கனமாகவே இருந்தால் டாக்டருக்கு முகம் இறுகிவிடும். "இந்தக் குழந்தை ஆபத்துல இருக்கு" என்பார்.

இனி இசக்கிப்பிரியாவைப் பற்றிச் சொல்கிறேன்.

அவளுக்கு அப்போது எட்டு வயது. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், தி.நகரில் ஒரு சந்தில் இரண்டாம் மாடியில் வீடு. அப்பா ஆறுமுகம் ஒரு நகைக்கடையில் எடை போட்டு பில் எழுதுகிறவர். அம்மா செல்வி, குரலே எழும்பாத பெண். அவர்களோடு ஆறுமுகத்தின் அக்கா பகவதியும் இருந்தார். அந்த அம்மாள் பேசினால் பார்மசி வரைக்கும் கேட்கும். முதல் நாள் பிரியாவுக்கு நெபுலைசர் கொடுத்து, இரண்டு பம்பையும் எடை போட்டுக் கொடுத்து, அழுதுகொண்டிருந்த செல்வியை வழக்கமாகச் சொல்லும் நாலு வார்த்தை சொல்லித் தேற்றி, தமிழில் ஒரு அட்டையும் எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

மூன்று வாரத்தில் பிரியா திரும்பி வந்தாள். பிறகு பதினைந்து நாளில். பிறகு பத்து நாளில். நாலாவது தடவை ஐ.சி.யூ.வில் இரண்டு நாள் வைக்க வேண்டியதாயிற்று. அன்று பத்து எண்ணச் சொன்னபோது அவளால் ஒன்றே சொல்ல முடியவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அந்த உதடு நீலம் பாய்ந்திருந்தது.

ஐ.சி.யூ.வை விட்டு வெளியே வந்த டாக்டர் வரதன் என்னிடம் மெல்லச் சொன்னார். "அடுத்த தடவை இவ்வளவு தூரம் வந்து சேருவாளான்னு தெரியலை சிஸ்டர். என்னன்னு கண்டுபிடிங்கோ."

கண்டுபிடிக்கத்தானே கர்த்தர் எனக்கு மூக்கைக் கொடுத்திருக்கிறார்! முதலில் ஆறுமுகத்தின் சட்டையை மோந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. பிரியா வீட்டுக்குப் போனபின் ஒரு நாள் டியூட்டி முடிந்ததும், செல்வி மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கிற சாக்கில் அவர்கள் வீட்டுக்கே போனேன். மாடிப்படி ஏறும்போதே மணம் வந்துவிட்டது. உள்ளே பகவதி அம்மாள் கரண்டியில் தணல் போட்டு, வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார். தலைக்குக் குளித்த பிரியாவின் கூந்தலை விரித்துப் பிடித்து அதிலும் காட்டினார். அந்த அம்மாள் மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமா? வாயைத் திறந்து கொட்டிவிட்டேன்.

"ஏம்மா, ஐ.சி.யூ.ல இருந்து வந்த புள்ளைக்கா இதைப் போடறீங்க? நீங்கதான் இந்தப் பொண்ணைச் சாகடிக்கிறீங்க!"

பகவதி அம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். "என்ன சொல்லுதிய? நானா? பிள்ளையக் கையில வாங்குன நாள்லேருந்து நான் வளக்கேன்... நானா கொல்லுதேன்?"

செல்வி கதவோரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். 'பாவம், நாத்தனாருக்குப் பயந்து சாகிறாள்' என்று எடுத்துக்கொண்டேன். பழுப்புப் பம்ப் எங்கே என்று கேட்டேன். "உள்ள பீரோல இருக்கு சிஸ்டர், தினமும் போடுதேன்" என்றாள். எடுத்து வா என்று நான் சொல்லவில்லை. மருத்துவமனைக்கு வரும்போதும் அவள் நீலத்தை மட்டும்தான் கொண்டு வருவாள், மற்றது மறந்துவிட்டது என்பாள். வேறு யாராவது இரண்டு தடவை மறந்திருந்தால் நான் குடைந்து எடுத்திருப்பேன். ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குழாயில் பம்பைச் செருகி, குலுக்கி, ஒரு அழுத்து அழுத்தி, குழந்தையை நிதானமாக மூச்சு விடச் சொல்லி, ஒரு நிமிடம் பொறுத்து அடுத்ததைப் போட்டு, நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே அவ்வளவு அழகாகச் செய்து காட்டுவாள். அடக்கமாகப் பேசுகிறவள். சத்தம் போடுகிற அந்த அம்மாள் மேல்தான் என் சந்தேகம் முழுக்க. இதுதான் என் துப்பறியும் லட்சணம்.

அந்த வாரமே பகவதி அம்மாள் ஊருக்கு ரயில் ஏறிவிட்டார். சாம்பிராணி நின்றது. பீரோவுக்குப் பின்னால் இருந்த ஈரச் சுவரைச் சுரண்டி வெள்ளை அடித்தார்கள். தலையணை, போர்வை எல்லாம் வெந்நீரில் போட்டுத் துவைத்தார்கள். ஜெயித்துவிட்டதாக நான் ஸ்டாஃப் ரூமில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் ஆறுமுகம் பிரியாவைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறி ஓடி வந்தார். மறுபடி அதே உதடு, அதே நிறம். ஆக்சிஜன், நெபுலைசர், ஊசி என்று எங்கள் கை ஓயவில்லை. சாயங்காலம்தான் அவள் மூச்சு ஒரு நிலைக்கு வந்தது.

அவள் வார்டில் தூங்கிக்கொண்டிருந்தபோது ஆறுமுகம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து சிவப்பு வெல்வெட் பை ஒன்றை எடுத்தார். நகை போட்டுக் கொடுக்கிற பை. அதிலிருந்து பழுப்புப் பம்பை எடுத்து என் கையில் வைத்தார்.

"இந்த பிளாஸ்டர்ல இருபத்தெட்டு புள்ளி ஒண்ணு பூஜ்யம்னு போட்டிருக்கே, இது எடைதான சிஸ்டர்?"

நான் திடுக்கிட்டுப் போனேன். இத்தனை வருடத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"நாள் முழுக்கக் கிராம் கிராம்னு கெடக்கவன் நான். பாத்ததும் தெரிஞ்சு போச்சு. நேத்து கடைக்குக் கொண்டு போயி வச்சுப் பாத்தேன். மூணரைப் பவுன், நூறு மில்லி. நீங்க எழுதுனது அப்படியே நிக்கி. ஒரு குண்டுமணி கூடக் கொறையல." வெல்வெட் பையை மடித்து வைத்துக்கொண்டார். "எங்க அக்காவத் தொரத்தியாச்சு. இப்ப யாரச் சொல்லுவிய?"

அந்த நேரத்திலும் என் புத்தி எங்கே போயிற்று தெரியுமா? பகவதி அம்மாள்தான் செல்வியை மிரட்டி மருந்தைப் போடவிடாமல் செய்திருக்க வேண்டும் என்று போயிற்று. அப்படி நினைத்துக்கொண்டேதான் செல்வியிடம் போனேன். பம்பை அவள் முன்னால் நீட்டினேன்.

"யாரு போட வேணாம்னு சொன்னது? பயப்படாம சொல்லு. உன் நாத்தனாரா?"

செல்வி பம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதுவரை நான் கேட்காத ஒரு குரல் அவளிடமிருந்து வந்தது.

"மதினி ஏன் சொல்லுதாவ? நீங்கதான சிஸ்டர் சொன்னிய!"

"நானா?"

"மொத நாள் நான் கேட்டேன்லா, பிள்ளைக்கு ஆஸ்துமாவான்னு. 'சேச்சே, பயப்படாதீங்க, வெறும் வீசிங்தான்'னு சொன்னியளே! ஆஸ்துமாவுக்குத்தான தினமும் போடணும்? வீசிங்குன்னா வரும்போது போட்டாப் போதும்லா? நல்லா இருக்கப்ப எதுக்குப் பிள்ளைக்கு மருந்து, பழகிப் போயிருமேன்னுதான் நான் எடுத்து வச்சேன். புதுசாவே இருக்கதப் பாத்தா ஏசுவியளேன்னு பொய்யும் சொன்னேன். அட்டையில கூட நீங்கதான எழுதித் தந்திய!"

பையைத் திறந்து அட்டையை எடுத்துக் கொடுத்தாள். மடித்து மடித்து நைந்திருந்தது. மேலே நோய் என்ற இடத்தில், என் கையெழுத்தில், நல்லா குண்டு குண்டாக எழுதியிருந்தது: வீசிங்.

ஐயோ! இதற்கு நான் ஒரு காரணம் சொல்ல முடியும். ஆஸ்துமா என்றாலே வீட்டார் நடுங்குவார்கள். பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். நாளைக்குக் கல்யாணம், யாருக்கும் தெரியக்கூடாது, சிஸ்டர் மெதுவாப் பேசுங்க என்பார்கள். அதனால் எங்கள் மருத்துவமனையில் எல்லோருமே 'வீசிங்' என்று சொல்லிப் பழகியிருந்தோம். எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். வெளியே அது வேறு இது வேறு என்று ஆகிவிட்டிருந்தது. ஊரில் புகைக்கு எத்தனை பெயர் என்று துருவித் துருவிக் கேட்டவள், என் வாயிலிருந்து தினமும் விழுந்த அந்த ஒரு வார்த்தையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அகராதி அவர்களுக்கு மட்டும்தான் உண்டு என்று நினைத்துவிட்டேன் போல.

அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டர் வரதனிடம் போனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் கேஸ் ஷீட்டுல ஆஸ்துமான்னுதானே எழுதியிருக்கேன்?" என்றார்.

"இங்கிலீஷ்ல எழுதினீங்க டாக்டர்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "வாஸ்தவம். அந்த அம்மாகிட்ட நானும் வாயைத் திறந்து சொல்லலை. பயந்துடுவா, நீங்க பக்குவமாச் சொல்லிப்பேள்னு விட்டுட்டேன்." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "சாம்பிராணியை நிறுத்தினது தப்பில்லை சிஸ்டர். ஆனா அந்தக் குழந்தை மூச்சுக்குழாய் மருந்தே இல்லாம புண்ணாக் கெடந்திருக்கு. அதுக்கு எது பட்டாலும் தாங்காது. வாங்கோ, ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லலாம்" என்றார்.

போய்ச் சொன்னோம். நான்தான் சொன்னேன். "உங்க பொண்ணுக்கு இருக்கறது ஆஸ்துமா. வீசிங்னு நான் சொன்னது தப்பு. தினமும் பழுப்பு மருந்து போட்டா ஓடுவா, ஆடுவா, எல்லாம் செய்வா. போடலைன்னா நமக்கு அவ இருக்கமாட்டா." செல்வி அழவில்லை. "இத மொதல்லயே சொல்லியிருந்தா என்ன சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டாள். அட்டையில் வீசிங் என்பதை அடித்து, ஆஸ்துமா என்று எழுதி அவளிடம் கொடுத்தேன்.

பகவதி அம்மாளுக்கு அன்றே போன் செய்தேன். என் பெயரைச் சொன்னதும் வைத்துவிட்டார். மறுநாளும் செய்தேன், எடுக்கவில்லை. ஒரு மாதம் கழித்து ஆறுமுகம் நேரில் போய்க் கூட்டி வந்தார். எதிரே பார்த்தால் அந்த அம்மாள் இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. அது நியாயம்தான்.

அதன்பிறகு பிரியா தவறாமல் பரிசோதனைக்கு வந்தாள். நீலம் மாதக்கணக்கில் அப்படியே இருந்தது, பழுப்புதான் கரைந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் செல்வி வாசலிலேயே நின்றுகொண்டு என்னைக் கேட்பாள்: "சிஸ்டர், பிள்ளைக்கு என்னது?" நான் "ஆஸ்துமா" என்று சொன்னால்தான் உள்ளே வருவாள். மற்ற அம்மாக்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் சத்தமாகவே சொல்வேன். வருடக்கணக்காக இது நடந்தது. தண்டனை மாதிரிதான் ஆரம்பித்தது, பிற்பாடு அவள் கேட்காவிட்டால்தான் எனக்கு என்னவோ போல் இருந்தது.

நான் ஓய்வு பெற்ற வாரம் பிரியா தனியாக வந்தாள். அவளுக்குப் பதினைந்து வயது. பள்ளியில் கபடி ஆடுகிறாள், முழங்காலில் சிராய்ப்பு. அம்மாவுக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வாசலில் கையைக் கட்டிக்கொண்டு அவளே நின்றாள்.

"சிஸ்டர், எனக்கு என்ன?"

"ஆஸ்துமா."

"நம்பலாமா?"

"என்னை நம்பாதே" என்றேன். "பம்பைக் குடு."

சிரித்துக்கொண்டே பையைத் துழாவி பழுப்புப் பம்பை எடுத்தாள். இப்போது வருவதில் எண் காட்டும் சின்ன ஜன்னல் இருக்கிறது. அதையும் நான் நம்பவில்லை. அலமாரியிலிருந்து டாக்டரின் பழைய தராசை எடுத்து வைத்தேன். அதில் பம்பை வைத்துவிட்டு இருவரும் குனிந்து பார்த்தோம். மருந்து பாதிக்கு மேல் குறைந்திருந்தது.

பார்க்கும்போதே ஒரே மூச்சில் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். யாரும் அவளை எண்ணச் சொல்லவில்லை. பத்தில் நிற்கவில்லை. முப்பதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள். எனக்குத் தராசில் இருந்த எண் தெரியவில்லை, கண்ணீர் மறைத்துவிட்டது.